செயின்ட் லூயிஸ் போகலாமா? குற்றப் பட்டியலைப் பார்த்துத் தயங்குகிறவருக்கு

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் இருக்கிறீர்கள். கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. செயின்ட் லூயிஸ், டாலஸ் இரண்டில் எதை வேண்டுமானாலும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம். மனைவியும் ஆறு வயது மகளும் கூட வருகிறார்கள். செயின்ட் லூயிஸில்தான் உங்களுக்குப் பிடித்த வேலை, வாடகையும் கட்டுப்படியாகிறது. ஆனால் ஆபத்தான நகரங்கள் என்று தேடினால் எந்தப் பட்டியலிலும் முதல் வரிசையில் அந்த ஊர் வந்து நிற்கிறது, அப்பா அதைப் பார்த்துவிட்டு "அங்கே மட்டும் போகாதே" என்கிறார். அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது தம்பி. அதில் ஏழு வருஷம் ஒரு நகரக் காவல் துறையில் குற்றப் பதிவுகளை வகை பிரித்து மேலே அனுப்புகிற பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு எண் எப்படிப் பிறக்கிறது, எங்கே வீங்குகிறது, எங்கே சுருங்குகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியலில் இருப்பது பொய் இல்லை, ஆனால் உங்கள் மகள் சைக்கிள் ஓட்டப்போகிற தெருவைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

செயின்ட் லூயிஸையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இதைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல ஊர் இல்லை. 1876-ல் அந்த நகரம் தன்னைச் சுற்றியிருந்த கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருந்து பிரிந்து தனியாகப் போய்விட்டது. கிராமத்துக்கெல்லாம் நம் வரிப்பணம் எதற்கு என்று அன்றைக்கு நகரத்துக்காரர்கள் நினைத்தார்கள். அன்று போட்ட எல்லைக்கோடு இன்றும் அப்படியே இருக்கிறது, சுமார் 62 சதுர மைல். 1950-ல் அந்தக் கோட்டுக்குள் எட்டரை லட்சம் பேர் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் மூன்று லட்சம்தான். மற்றவர்கள் எங்கே போனார்கள்? பெரும்பாலோர் கோட்டைத் தாண்டி செயின்ட் லூயிஸ் கவுன்ட்டிக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். கவுன்ட்டியில் மட்டும் இன்று பத்து லட்சம் பேர், பெருநகரப் பகுதி முழுவதும் சேர்த்தால் இருபத்தெட்டு லட்சத்துக்குப் பக்கம். வேலைக்கு, மருத்துவமனைக்கு, பேஸ்பால் ஆட்டத்துக்கு இவர்களில் பலர் நகரத்துக்குள் வருகிறார்கள். அங்கே நடக்கிற குற்றம் எல்லாம் நகரக் கணக்கில் ஏறும். வகுக்கும்போது மட்டும் அந்த மூன்று லட்சம் பேரை வைத்துத்தான் வகுக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில். 1968-ல் அந்த நகரம் தன் கவுன்ட்டியோடு ஒன்றாகச் சேர்ந்துவிட்டது, 700 சதுர மைலுக்கு மேல். ஏழைப் பகுதி, பணக்காரப் புறநகர், காடு, கடற்கரை எல்லாம் ஒரே பெயரில் வருவதால் கெட்ட பகுதிகளின் எண்ணிக்கை நல்ல பகுதிகளோடு கரைந்துபோகிறது. செயின்ட் லூயிஸ் நகரத்தையும் கவுன்ட்டியையும் நாளைக்குச் சேர்த்தால், ஒரு ஆள்கூடத் திருந்தாமலே, கொலை விகிதம் இன்றைக்குச் சொல்லப்படுவதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இப்படிக் கோட்டை எங்கே போட்டார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிற ஒன்றை வைத்து நீங்கள் வேலையை விடப் பார்க்கிறீர்கள். லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் வெர்னன் என்று ஒரு நகராட்சி இருக்கிறது. குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான், ஆனால் அங்கே உள்ள தொழிற்சாலைகளுக்குத் தினமும் பல்லாயிரம் பேர் வருகிறார்கள். அங்கே தலைக்கு இத்தனை குற்றம் என்று கணக்குப் போட்டால் உலகத்திலேயே பயங்கரமான ஊர் அதுதான். பெரிய மால் இருக்கிற சின்ன ஊர்கள் பலவற்றுக்கும் இதே கதி. இதனால்தான் நாடு முழுவதற்கும் குற்ற எண்களைத் தொகுக்கிற மத்தியப் புலனாய்வுத் துறை எஃப்.பி.ஐ., தன் எண்களை வைத்து நகரங்களை வரிசைப்படுத்தாதீர்கள் என்று தானே எச்சரிக்கிறது. அமெரிக்கக் குற்றவியல் சங்கமும் 2007-ல் இந்தப் பட்டியல்களை எதிர்த்துத் தீர்மானமே போட்டது. ஆனாலும் பட்டியல் வருஷா வருஷம் வந்துகொண்டுதான் இருக்கிறது, அதைச் சொடுக்கிப் பார்க்க ஆள் இருக்கிறதே.

அப்புறம், காலம். நீங்கள் அனுப்பிய பட்டியலில் இருந்தது 2020-ஆம் ஆண்டு எண். அந்த ஒரு வருஷம் நாடு முழுவதும் கொலைகள் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடின, பதிவு தொடங்கியதில் இருந்து ஒரே ஆண்டில் அவ்வளவு ஏற்றம் வந்ததே இல்லை. செயின்ட் லூயிஸில் அந்த ஆண்டு 263 கொலைகள். 2024-ல் அது 150. பால்டிமோரில் 2022-ல் முன்னூறுக்கு மேல் இருந்தது 2024-ல் இருநூறுக்குப் பக்கம் வந்துவிட்டது. டெட்ராய்ட் 1960-களுக்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியிருக்கிறது. நியூயார்க்கில் 1990-ல் இரண்டாயிரத்து இருநூறுக்கு மேல் கொலை நடந்தது, 2024-ல் 377. அதற்காக செயின்ட் லூயிஸ் நகரம் இப்போது அமைதியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. 150 கொலை என்பதே அந்த மக்கள்தொகைக்கு லட்சத்துக்கு ஐம்பதுக்கு மேல், நாட்டின் சராசரி ஐந்து. எல்லைக்கோட்டைக் காரணம் காட்டி இதை மறைக்க முடியாது, அங்கே சில தெருக்களில் உண்மையாகவே பயங்கரம் நடக்கிறது.

சில தெருக்களில் என்று சொன்னேனே, எல்லாமே அந்த "சில"வில்தான் இருக்கிறது. 1980-களின் கடைசியில் லாரன்ஸ் ஷெர்மன் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் மினியாபொலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளை முகவரி வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு மூன்று முகவரிகளில் இருந்துதான் பாதி அழைப்பு வந்திருந்தது. பிறகு டேவிட் வைஸ்பர்ட் சியாட்டிலில் பதினாலு வருஷப் பதிவுகளைத் தெரு தெருவாகப் பார்த்தார். இரண்டு முனைகளுக்கு இடைப்பட்ட ஒரு துண்டுத் தெரு என்று எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு நாலைந்து துண்டுகளில் பாதிக் குற்றம். மற்ற ஊர்களிலும் இதே மாதிரிதான் வந்தது. நான் வேலை பார்த்த ஊரிலும் அப்படித்தான். ஒரு மதுக்கடை, அதன் பின்னால் ஒரு வாகன நிறுத்தம், பராமரிப்பே இல்லாத இரண்டு அபார்ட்மென்ட் கட்டிடங்கள், இந்த முகவரிகள் எங்கள் திரையில் தினமும் வரும். மூன்று தெரு தள்ளிப் போனால் மாதக்கணக்கில் ஒன்றுமே இருக்காது.

செயின்ட் லூயிஸில் டெல்மார் என்று ஒரு நீண்ட சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதற்குத் தெற்கே ஃபாரஸ்ட் பார்க்கை ஒட்டிய சென்ட்ரல் வெஸ்ட் எண்டில் பெரிய மருத்துவமனைகள், உணவகங்கள், மர நிழலில் அழகான பழைய வீடுகள். வடக்கே போகப் போகக் காலி மனைகளும் இடிந்த செங்கல் வீடுகளும். இதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் ஒரு சுருக்கு வழி கற்றுக்கொடுப்பார்கள், அதைக் கேட்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்: "கறுப்பினத்தவர் அதிகம் இருக்கிற இடம் பக்கமே போகாதே." இது தவறு. அந்த வடக்குப் பகுதி தானாக அப்படி ஆகவில்லை. 1930-களில் வீட்டுக்கடனுக்காக அரசாங்கமே வரைந்த வரைபடங்களில் கறுப்பினத்தவர் இருக்கிற பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்துக் கடன் கிடைக்காமல் செய்தார்கள், பிறகு நெடுஞ்சாலை போட்டு ஊரைப் பிளந்தார்கள், வேலைகள் புறநகருக்கு ஓடின. அங்கே சுடப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த மக்களின் பிள்ளைகள்தான், பயந்து வாழ்கிறவர்களும் அவர்கள்தான். அமைதியான கறுப்பினக் குடும்பங்கள் வாழும் புறநகர்கள் இந்த நாடு முழுக்க இருக்கின்றன. தோல் நிறத்தைப் பார்த்து ஊர் தேடினால் ஒரு நல்ல பக்கத்து வீட்டை இழப்பீர்கள், அதைவிட மோசம், உங்கள் மகள் அந்தப் பார்வையை உங்களிடம் இருந்து கற்றுக்கொள்வாள்.

துப்பாக்கிச் சூடு யாரைத் தாக்குகிறது என்பதிலும் இதே போன்ற குவிதல் உண்டு. சிகாகோவில் சுடப்பட்டு உயிர் தப்பியவர்களை ஆராய்ந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, அவர்களில் 70 சதவீதம் பேர் நகர மக்கள்தொகையில் 6 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் அடங்கிய ஒரு வலைக்குள் இருந்தவர்கள் என்று காட்டியது. அதாவது ஒன்றாகக் கைதானவர்கள், அவர்களோடு சேர்ந்து கைதானவர்கள், இப்படிப் பின்னிய வலை. வழியில் போகிறவர் மீது குண்டு பாயவே பாயாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் லட்சத்துக்கு ஐம்பது என்கிற எண் மூன்று லட்சம் பேர் தலையிலும் சமமாகத் தொங்கவில்லை.

சரி, எந்த எண்ணைத்தான் நம்புவது? காவல் துறை எண் என்பது போலீசுக்குச் சொல்லப்பட்ட குற்றம் மட்டும்தான். 1973-ல் இருந்து அரசாங்கம் வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. அதன்படி வன்முறைக் குற்றங்களில் பாதிக்கும் குறைவானவை, சொத்துக் குற்றங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று, அவ்வளவுதான் போலீஸ் வரைக்கும் போகின்றன. போலீசை நம்புகிற ஊரில் மக்கள் சின்னத் திருட்டுக்குக்கூடப் புகார் கொடுப்பார்கள், எண் ஏறும். நம்பாத ஊரில் புகாரே கொடுக்க மாட்டார்கள், எண் இறங்கும். தாக்குதல் வழக்கைக் கடுமையானது என்று போடுவதா, சாதாரணம் என்று போடுவதா என்பதும் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 1,200 வன்முறைக் குற்றங்கள் சிறு குற்றங்களாகப் பதிவாகியிருந்ததை 2014-ல் ஒரு நாளிதழ் வெளியே கொண்டுவந்தது. 2021-ல் எஃப்.பி.ஐ. எண்களைத் தொகுக்கும் பழைய முறையை நிறுத்திவிட்டுப் புதிய முறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் உட்படப் பல காவல் துறைகள் அந்த ஆண்டுக் கணக்கை அனுப்பவே இல்லை, அதனால் அந்த வருஷத்தை வைத்து ஒப்பிடுகிற எதையும் ஒதுக்கிவிடுங்கள்.

என் அனுபவத்தில் ஏமாற்றுவதற்குக் கஷ்டமான எண்கள் இரண்டு. ஒன்று கொலை, பிணத்தை மறைத்து எழுத முடியாது. இன்னொன்று கார் திருட்டு, ஏனென்றால் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது, அதனால் யாராக இருந்தாலும் புகார் கொடுத்துவிடுவார்கள். ஒரு பகுதியில் சாதாரண மனிதர் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள நான் முதலில் பார்ப்பது கார் திருட்டும் வழிப்பறியும்தான், அவை இரண்டும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லாதவரைத் தேடி வரும் குற்றங்கள். ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காமல் மூன்று வருஷம் சேர்த்துப் பாருங்கள். பத்தாயிரம் பேர் இருக்கிற புறநகரில் ஒரே ஒரு கொலை நடந்தால் விகிதம் லட்சத்துக்குப் பத்து, அதாவது தேசிய சராசரியைப் போல இரண்டு மடங்கு என்று வந்து நிற்கும், அடுத்த வருஷம் பூஜ்யம் ஆகிவிடும்.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது என்றால், நகரத்தின் எண்ணை விட்டுவிட்டு அந்தப் பகுதியின் காவல் துறைப் பக்கத்துக்குப் போங்கள். செயின்ட் லூயிஸ் நகரம் 79 குடியிருப்புப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, காவல் துறை எண்களும் பகுதி வாரியாகக் கிடைக்கும். கவுன்ட்டியில் எண்பதுக்கும் மேற்பட்ட குட்டி நகராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தனித்தனிக் காவல் துறை உண்டு என்பதால் பால்வின், செஸ்டர்ஃபீல்ட் என்று ஊரின் பெயரைப் போட்டே தேட வேண்டும். வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் மிரளாதீர்கள், ஒவ்வொன்றையும் திறந்து என்ன குற்றம், எத்தனை மணிக்கு, வீட்டுக்குள்ளா தெருவிலா என்று பாருங்கள். ஒரு சூப்பர் மார்க்கெட்டின் மேல் குவிந்திருக்கும் இருபது புள்ளிகள் கடைக்குள் நடந்த திருட்டாக இருக்கலாம், அது உங்கள் வீட்டு வாசலுக்கு வராது. அதே இருபது புள்ளிகள் ஒரு அபார்ட்மென்ட் வளாகத்தின் மேல் இரவு பதினோரு மணிக்கு இருந்தால் அந்த வளாகம் வேண்டாம். மிசௌரியில் சன்ஷைன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, நம்மூர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரி. டெக்ஸாஸிலும் இதற்கு இணையான சட்டம் உண்டு. காவல் துறையின் அவசரமில்லாத எண்ணுக்குப் போன் செய்து, இந்த முகவரிக்குப் போன வருஷம் எத்தனை முறை போலீஸ் போயிருக்கிறது என்று எப்படிக் கேட்டு வாங்குவது என விசாரியுங்கள். பல ஊர்களில் மரியாதையாகப் பதில் சொல்கிறார்கள்.

வீட்டு ஏஜென்டிடம் "இந்த ஏரியா சேஃபா?" என்று கேட்டால் நேராகப் பதில் வராது. அவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். 1968-ன் வீட்டுரிமைச் சட்டத்தின்படி இன்ன இனத்தவரை இன்ன பகுதிக்குத் தள்ளிவிடுவது சட்டவிரோதம், பாதுகாப்பு என்று வாயைத் திறந்தால் அந்த வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்கிற பயத்தில் அவர்கள் பேசுவதில்லை. இதே காரணத்தால் பெரிய வீட்டு விற்பனைத் தளங்கள் சிலவும் குற்ற வரைபடத்தை எடுத்துவிட்டன.

ஏஜென்ட் சொல்லாததை இன்சூரன்ஸ் சொல்லும். ஒரே கார், ஒரே ஓட்டுநர் விவரத்தைக் கொடுத்து இரண்டு ஜிப் கோடுகளுக்கு (நம்மூர் பின்கோடு) விலை கேளுங்கள், மொத்தத் தொகையை விட்டுவிட்டு காம்ப்ரிஹென்சிவ் என்று தனியாக வரும் பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள். திருட்டு, கண்ணாடி உடைப்பு, ஆலங்கட்டி மழை இதெல்லாம் அதில்தான் வரும். வாடகை வீட்டு இன்சூரன்ஸுக்கும் இதே மாதிரி கேளுங்கள். சொந்தப் பணத்தைப் பணயம் வைத்துப் போட்ட கணக்கு என்பதால் எந்தப் பட்டியலையும் விட அதை நான் மதிக்கிறேன். ஒன்று மட்டும் கவனம், டாலஸில் ஆலங்கட்டி மழையாலேயே இந்தத் தொகை ஏறும். அதனால் டாலஸையும் செயின்ட் லூயிஸையும் இப்படி ஒப்பிடாமல் ஒரே ஊருக்குள் இரண்டு பகுதிகளை ஒப்பிடுங்கள்.

இப்போது உங்கள் குடும்பத்துக்கு நிஜமாகவே என்ன நடக்கக்கூடும் என்று பார்ப்போம். முதலில் கார். வந்த புதிதில் எல்லோரும் பழைய கார்தான் வாங்குவோம். 2010-களில் வந்த கியா, ஹூண்டாய் கார்களில் சாவி போட்டுத் திருகும் பல மாடல்களில் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளப்பவிடாத கருவி) இல்லை. அதை எப்படிக் கிளப்புவது என்று வீடியோ பரவி 2022-ல் இருந்து பல நகரங்களில் அந்தக் கார்கள் கொத்துக் கொத்தாகக் களவு போயின. மில்வாக்கியில் தொடங்கியது, செயின்ட் லூயிஸையும் கடுமையாகத் தாக்கியது. அந்த மாதிரிக் காரை மலிவு என்று வாங்காதீர்கள், வாங்கினால் கார் கம்பெனி கொடுக்கும் மென்பொருள் மாற்றத்தை விற்பவர் செய்துவிட்டாரா என்று கேளுங்கள். நான் ஒரு முறை பின் சீட்டில் மடிக்கணினிப் பையை வைத்துவிட்டு இருபது நிமிஷம் சாப்பிடப் போனேன், திரும்பி வந்தபோது கண்ணாடி தூள் தூளாகக் கிடந்தது. அது பட்டியலில் "பாதுகாப்பான நகரம்" என்று இருந்த ஊர். காலிப் பையைக்கூடக் காருக்குள் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் டிக்கியைத் திறந்து பையை வைப்பதும் வேண்டாம், கிளம்பும்போதே உள்ளே வைத்துவிடுங்கள்.

அடுத்தது நகை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் நம்மவர்கள் வீடு என்பதற்காகவே தேடி வருகிறார்கள். இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளைப் பட்டியல் போட்டு ஜார்ஜியா, மிச்சிகன், டெக்ஸாஸ் என்று மாநிலம் மாநிலமாகக் கொள்ளையடித்த ஒரு கும்பலின் தலைவிக்கு 37 ஆண்டுச் சிறை விதித்தது நீதிமன்றம். அவர்கள் புகுந்த வீடுகள் எல்லாம் நல்ல புறநகர்களில் இருந்தவை. குற்றம் குறைந்த ஊர் என்று போனவர்கள்தான் மாட்டினார்கள். தாலிக்கொடியும் அன்றாடம் போடுகிற வளையலும் தவிர மற்றதை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கொண்டுவந்தே தீர வேண்டும் என்றால் வங்கி லாக்கர், அதற்கும் லாக்கரில் இருப்பதை வங்கி காப்பீடு செய்யாது என்று தெரிந்துகொண்டு. வாடகை வீட்டு இன்சூரன்ஸில் நகை திருட்டுக்குப் பொதுவாக 1,500 டாலர் போல ஒரு உச்சவரம்பு இருக்கும், அதற்கு மேல் வேண்டுமானால் ஒவ்வொரு நகையையும் மதிப்பீட்டோடு தனியாகச் சேர்க்க வேண்டும். இந்தியா போகும்போது விமான நிலையத்தில் எடுத்த படத்தை அன்றைக்கே போடாதீர்கள், திரும்பி வந்து போடலாம்.

உங்கள் தம்பி அடுத்த வருஷம் படிக்க வரப்போகிறார் என்று எழுதியிருந்தீர்கள், அவருக்கும் சேர்த்து. கிளெரி சட்டத்தின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வளாகக் குற்ற அறிக்கையை ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் வெளியிட வேண்டும். அதைப் பார்க்கலாம், ஆனால் மாணவர்கள் வாடகைக்கு எடுக்கும் வெளி அபார்ட்மென்ட்டுகள் அதில் பெரும்பாலும் வராது. நம் பிள்ளைகள் தங்குவது அங்கேதான். வளாக எல்லைக்கு வெளியே அந்தத் தெருவுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். இரவுக் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ கல்லாவில் நிற்கும் வேலை வேண்டவே வேண்டாம். விசா விதிக்கும் அது ஆகாது. தவிர, இரவில் தனியாகக் காசு கையாளும் வேலைதான் இந்த நாட்டில் துப்பாக்கிக்கு நேராக நிற்க வைக்கும் வேலை, அதில் இறந்த நம் பிள்ளைகளின் செய்தி வராத வருஷம் இல்லை.

துப்பாக்கி என்றதும் பள்ளியும் மாலும் உங்கள் மனதில் வந்திருக்கும், எந்தப் பெற்றோருக்கும் வரும். அதில் நான் ஆறுதலாகப் பொய் சொல்ல மாட்டேன், நகரத்தின் குற்ற விகிதம் அதற்கு உதவவே உதவாது. 2012-ல் நியூடவுன், 2018-ல் பார்க்லேண்ட், பள்ளிக்குள் துப்பாக்கிச் சூடு நடந்த இந்த இரண்டுமே குற்றம் மிகக் குறைந்த ஊர்கள். 2023 மே மாதம் டாலஸுக்கு வடக்கே ஆலன் என்ற அமைதியான புறநகரில் ஒரு கடைத்தொகுதியில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன், அதில் வார இறுதிக்குத் தோழரோடு கடைக்குப் போன நம் தெலுங்குப் பெண் ஒருத்தியும் போய்விட்டாள், பொறியாளர். மகளுக்காக உங்கள் கையில் இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். அவள் விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று அந்தப் பெற்றோரிடம் கேளுங்கள். முதல் தடவை கூச்சமாக இருக்கும். இங்கே அதைக் கேட்கலாம், கேட்டதற்காக யாரும் என்னிடம் கோபித்துக்கொண்டது இல்லை. சாலையில் யாராவது வெட்டிக்கொண்டு போனால் ஹார்ன் அடித்து முறைக்காமல் விட்டுவிடுங்கள், மிசௌரியிலும் சரி டெக்ஸாஸிலும் சரி உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது.

இன்னொரு கணக்கு எந்தக் குற்றப் பட்டியலிலும் வராது. 2024-ல் இந்த நாட்டில் கொலையானவர்கள் சுமார் 17,000. சாலை விபத்தில் இறந்தவர்கள் 39,000-க்கு மேல். கொலை குறிப்பிட்ட சில தெருக்களில் குவிகிறது, விபத்து எல்லோருக்கும் பொது. பாதுகாப்பு என்று நினைத்து முப்பத்தைந்து மைல் தள்ளி வீடு எடுத்துவிட்டு, தினமும் எழுபது மைல் நெடுஞ்சாலையில் களைப்போடு ஓட்டுகிற அப்பாக்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது. வீட்டில் இருந்து வேலைக்கு இருபது நிமிஷம், மகளுக்குப் பள்ளிக்கு நடைபாதை, இந்த இரண்டும் குற்ற வரைபடத்தில் இரண்டு புள்ளி குறைவதைவிடப் பெரிய பாதுகாப்பு.

இதை எல்லாம் வைத்து உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டாலஸ் என்று கம்பெனி சொல்வது அனேகமாக இர்விங், பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் இருக்கும். நம் ஆட்கள் நிறைய, கோயில் கடை எல்லாம் பக்கம், குற்றம் குறைவு, ஆனால் தூரமும் டோல் சாலைகளும் அதிகம், வாடகையும் அதிகம். செயின்ட் லூயிஸில் உங்கள் அலுவலகம் கிளேட்டன் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது நகர எல்லைக்கு வெளியே, கவுன்ட்டியின் தலைமையிடம். அங்கேயிருந்து மேற்கே கிரீவ் கோர், மேரிலாண்ட் ஹைட்ஸ், பால்வின், செஸ்டர்ஃபீல்ட் என்று நம் குடும்பங்கள் பரவியிருக்கின்றன, பால்வினில் பெரிய கோயில் இருக்கிறது, பார்க்வே, ராக்வுட் பள்ளி மாவட்டங்கள் நல்ல பெயர் வாங்கியவை. இந்த ஊர்களில் எதிலும் நீங்கள் அந்தப் பட்டியல் சொல்கிற செயின்ட் லூயிஸில் வாழ மாட்டீர்கள். நானாக இருந்தால் பிடித்த வேலையை எடுத்துக்கொண்டு செயின்ட் லூயிஸ்தான் போவேன்.

ஆனால் கோயம்புத்தூரில் இருந்தே ஒரு வருஷ லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனி செலவில் முதல் மாதம் தங்க இடம் கேளுங்கள், அல்லது குறுகிய கால வாடகைக்கு எடுங்கள். பிடித்த இரண்டு மூன்று வளாகங்களை ஞாயிறு பகலில் பார்த்துவிட்டு வந்தால் போதாது, செவ்வாய் இரவு ஒன்பதரைக்கு ஒரு முறை போய்க் காரை நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். வாகன நிறுத்தத்தில் விளக்குகள் எரிகின்றனவா, நடைபாதை ஓரத்தில் பச்சை நிறக் கண்ணாடித் துகள்கள் கிடக்கின்றனவா (கார் ஜன்னல் உடைந்தால் அப்படித்தான் சின்னச் சின்னக் கட்டியாக உதிரும்), பக்கத்துக் கடையில் சாதாரண சோப்பும் பிளேடும் பூட்டிய கண்ணாடிக்குள் இருக்கிறதா, அந்த நேரத்தில் யாராவது நாயைப் பிடித்துக்கொண்டு நிதானமாக நடக்கிறார்களா என்று பாருங்கள். மறுநாள் காலையில் தபால்காரரைப் பிடித்துப் பார்சல் காணாமல் போகிறதா என்று கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாதது இல்லை.

அப்பாவிடம் அந்தப் பட்டியலைப் பற்றி வாதம் செய்ய வேண்டாம். நகரத்தின் வரைபடத்தையும் எல்லைக்கோட்டையும் காட்டி, அலுவலகம் எங்கே, வீடு எங்கே, பள்ளி எங்கே என்று விரலை வைத்துக் காட்டுங்கள். வளாகத்தின் முகவரி முடிவானதும் எனக்கு அனுப்புங்கள், அந்த ஊர்க் காவல் துறையின் மூன்று வருஷப் பதிவை உங்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.